சாவி யார் கையில்?



உங்கள் பள்ளிக்கு யாராவது பெரியவர் வந்து நோட்டு, பேனா, ஷூ என்று கொடுத்திருப்பார். வரிசையில் நின்று வாங்கியிருப்பீர்கள், போட்டோவுக்குச் சிரித்திருப்பீர்கள். நல்ல காரியம்தான். கொடுத்தவரை மறக்கக் கூடாது. ஆனால், அந்த நோட்டு அரையாண்டுத் தேர்வுக்குள் தீர்ந்துவிடும், இல்லையா?

தீர்ந்து போகாத உதவியும் உண்டு. அதைப் பார்க்க நம் திண்டுக்கல் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டாம். மதுரைக்குப் போகும் வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

வண்டிகளில் 'டி.வி.எஸ்.' என்று பார்க்கிறீர்களே, அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் இவர். 1904-ல் பிறந்தார். அக்கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். டாக்டராக இருந்த கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அப்போதெல்லாம் கணவரை இழந்த பெண்ணுக்கு வீட்டு மூலைதான் இடம். இவரோ டில்லிக்குப் போய்ப் படித்து, 1936-ல் டாக்டரானார்!

1944-ல் கஸ்தூரிபா காந்தி காலமானார். அவர் நினைவாக நாடு முழுவதும் நிதி திரட்டினார்கள். அது கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் செலவாக வேண்டும் என்றார் காந்தியடிகள். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் வந்தது. 1947-ல் அவரும் கணவர் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குத்தான் ஓட முடியும்? அதனால் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். காயத்துக்குக் கட்டுப்போட, பிரசவம் பார்க்க, பாலர் பள்ளி நடத்தக் கற்றுக்கொடுத்து, 'கிராம சேவிகா'க்களாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். வீட்டுப்படி தாண்டத் தயங்கிய ஒரு பெண், பிரசவ வலி எடுத்த வீட்டுக்கு நடுராத்திரியில் லாந்தரோடு தைரியமாகக் கிளம்புகிறவளாக மாறுவது என்றால் சின்ன விஷயமா? ஒரு மூட்டை அரிசி கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

பள்ளியிலும் இதே கதைதான். காந்தியடிகள் 1937-ல் சொன்ன ஆதாரக் கல்வியில் பிள்ளைகளே நூல் நூற்பார்கள், தோட்டம் போடுவார்கள், பள்ளியைப் பெருக்குவார்கள். நாங்களும் ஆரம்பப் பள்ளியில் தக்ளி சுற்றியவர்கள்தான். நூல் அறுந்துகொண்டே இருக்கும், வாத்தியார் முறைப்பார்! ஆனால், எத்தனை சுற்று, எவ்வளவு நீளம் என்று எண்ணாமல் நூற்க முடியாது. கணக்கு அங்கேயே வந்துவிடும்.

காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்லூரி வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே ராமச்சந்திரன், மாணவர்களைக் கொண்டே 'சாந்தி சேனை' அமைத்தார். கூட்டத்தில் ஒழுங்கு காப்பதும், ஊருக்கு ஆபத்து என்றால் ஓடுவதும் மாணவர்களின் வேலை. பிள்ளைகளை நம்பி வேலையைக் கொடுத்த மனிதர்கள்!

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். சில பள்ளிகளில் நன்கொடையாக வந்த புத்தகங்கள் பீரோவுக்குள்ளேயே தூங்குகின்றன. "பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள்" என்று பயம். ஆசிரியராக இருந்த எனக்கு அந்தப் பயம் புரியும். ஒரு புத்தகம் காணாமல் போனாலும் அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர்தானே? இருந்தாலும் சொல்கிறேன்: அந்தப் புத்தகங்களை இன்னும் யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

நீங்கள் நாலு பேர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போங்கள். "ஐயா, பீரோச் சாவியை வாரம் ஒரு நாள் எங்களிடம் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். போகும்போதே ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொண்டுபோங்கள். யார் எடுத்தார்கள், எந்தப் புத்தகம், என்றைக்குத் திருப்பித் தந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். கிழிந்தால் ஒட்டுவதற்குப் பசையும் தயாராக இருக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்காரர்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது?

முதல் தடவை மறுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். சாவி கையில் கிடைத்ததும், முதல் மாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.