நாதத்திற்கு ஆண் பெண் உண்டா?

வியன்னா நகரத்துப் பில்ஹார்மோனிக் வாத்திய சங்கத்தார் வருஷந்தோறும் கச்சேரிப் பருவம் துவக்குகிறார்கள். அவர்கள் சங்கீதத்தை உலகமே மெச்சுகின்றது, நாமும் மறுக்கவில்லை. ஆனால் சீட்டு வாங்குமுன் ஒரு சங்கதியை யோசிக்க வேண்டுகிறோம்.

1842-ல் தோன்றிய அச்சங்கம் 1997 வரை, அதாவது 155 வருஷ காலம், ஒரு பெண்ணைக்கூட அங்கத்தினராகச் சேர்த்ததில்லை. அன்னா லெல்கெஸ் என்னும் அம்மையார் 20 வருஷத்துக்கு மேலாக அவர்களோடு ஹார்ப் வாத்தியம் வாசித்து வந்தார். அவரது வாசிப்பு வேண்டும். அவருக்கு உரிமை மாத்திரம் வேண்டாம்! வெளியில் கண்டனம் கிளம்பிய பிறகே 1997-ல் அவரை அங்கத்தினராக்கினார்கள்.

பெண்கள் சேர்ந்தால் நாதமே கெட்டுப்போகும் என்று பேசியவர்களும் உண்டு. அப்படியானால், இத்தனை வருஷம் அந்த அம்மையார் வாசித்தபோது எவர் காது புண்பட்டது என்று கேட்கின்றோம்.

இன்று பல தேசத்துச் சங்கங்கள் ஆளெடுக்கும்போது, வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கின்றன. திரை கட்டினால் ஆண் பெண் தெரியாது, குலம் தெரியாது. வாசிப்பு ஒன்றே தெரியும். காது ஒப்புக்கொண்டதைக் கண் மறுக்குமானால், குற்றம் வாசிப்பவருடையதா, பார்ப்பவருடையதா?

ஆகவே தோழர்களே, எந்தக் கச்சேரிக்குப் போனாலும் மேடையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, யார் இல்லை, ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.