சிறுதேரும் சிற்றிலும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேரருவிக்குப் போகும் வழி நெடுகப் பொம்மைக் கடைகள் முளைத்துவிடும். ஒரு தட்டில் மரச்சொப்பு: அம்மி, உரல், திருகை, அடுப்பு, குடம். அம்பாசமுத்திரத்தில் கடைந்து வண்ணம் ஏற்றி வருபவை. இன்னொரு தட்டில் பிளாஸ்டிக் ரயில், ஜீப், டாங்கி. எந்தப் பிள்ளைக்கு எதை எடுத்து நீட்டுவது என்று கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவாடையா டவுசரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

சொப்பு வைத்து விளையாடியவளைப் பன்னிரண்டு வயதில் நிஜ அடுப்பு கூப்பிட்டுக்கொள்கிறது. அத்தோடு விளையாட்டு முடிந்தது. டாங்கி உருட்டியவனுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. ஐம்பது வயதிலும் உருட்டலாம். அப்போது அதற்குப் பெயர் ‘ஹாபி’, ‘ஸ்கேல் மாடல்’, ‘ராணுவ வரலாற்று ஆர்வம்’.

இது பிளாஸ்டிக்கோடு வந்த வழக்கமில்லை. பிள்ளைத்தமிழ் நடத்தும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பறையும் தேரும் களத்துக்குப் போகிற பொருள்கள். அவற்றின் சிறுவடிவம் அவனுக்கு. அவளுக்குத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற காய். இதில் சிற்றில் பருவம்தான் உச்சம். மணல்வீடு கட்டுபவர்கள் சிறுமியர். காலால் அழிக்க வருபவன் பாட்டுடைத் தலைவன். அழிக்காதே என்று பத்துப் பாட்டிலும் கெஞ்சுபவர்களும் சிறுமியரே. “அவன அடிக்க அங்க யாருமே இல்லையா மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். உரையாசிரியர்கள் யாரும் இதற்கு விடை எழுதி வைக்கவில்லை.

ரயில் மாதிரி செய்வது நம் பக்கத்தில் இன்னும் சிலருடைய பொழுதுபோக்குதான். வெளிநாடுகளில் அது பெரிய உலகம். அதற்குள் போர்க்கால ரயில் என்று தனிக் கிளையே உண்டு. திறந்த தட்டை வேகன், அதன்மேல் டாங்கி, உருண்டுவிடாமல் அடியில் ஆப்பு, இழுத்துக் கட்டிய சங்கிலி. 1:35 அளவில் செய்வார்கள், 1:87 அளவில் செய்வார்கள். நிழற்படத்தை வைத்துக்கொண்டு ஆணித்தலைகளை எண்ணுவார்கள். வண்ணப்பொடியைத் தூரிகையில் தொட்டுத் துருவை வரவழைப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சியில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். ஆவடியில் 1965இல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கி, தட்டை வேகன் மேல். கைவேலை அபாரம், மறுப்பதற்கில்லை. எட்டு மாதம் ஆயிற்று என்றார் செய்தவர். தினமும் ராத்திரி மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் மனைவி பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால் என் சண்டை அந்த மூன்று மணி நேரத்தோடு தீர்வதில்லை. ‘துல்லியம்’ என்று ஒரு சொல்லை இவர்கள் வைத்திருக்கிறார்களே, அதனோடுதான்.

ஜப்பானிய ராணுவம் 1942இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே பாதை போடத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நீளம் 415 கிலோமீட்டர். பர்மாப் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்புவதற்கான பாதை. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் ஆசியத் தொழிலாளர்கள், ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் ஒரு பெரும் பகுதி. சரக்கு வேகன்களில் அடைத்துக் கொண்டுபோனார்கள். சிலர் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். காலரா, மலேரியா, பசி. செத்தவர்கள் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கைதிகளின் சாவுக்குக் கணக்கு இருக்கிறது. கூலிகளின் சாவுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது. காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழனுக்கும் தமிழச்சிக்கும் காட்டுக்குழி.

அந்தப் பாதையில் ஓடுவதற்காக ஜப்பானின் சி-56 வகை நீராவி எஞ்சின்களை ஒரு மீட்டர் அகலத்துக்கு மாற்றி அனுப்பினார்கள். அவற்றில் 31ஆம் எண் எஞ்சின் 1979இல் ஊர் திரும்பியது. டோக்கியோவில் யசுகுனி கோயிலின் போர் அருங்காட்சியகக் கூடத்தில் மெருகிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதே ஆண்டு தாய்லாந்திலிருந்து திரும்பிய 44ஆம் எண்ணுக்கு வேறு விதி. 2015இல் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, சிரிக்கிற முகம் ஒன்றைப் பொருத்தி, ‘தாமஸ்’ கார்ட்டூனில் வரும் ஜேம்ஸ் ஆக்கிவிட்டார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போரின் பொருள் பொம்மையாகும்போது நடப்பது இதுதான். அளவு மட்டுமா சுருங்குகிறது? முதலில் சுருங்குபவர்கள் மனிதர்கள். வேகன் இருக்கும், பாரம் இருக்கும், துருகூட இருக்கும். தண்டவாளம் போட்டவர்கள் இருக்கமாட்டார்கள். டேவிட் லீன் எடுத்த குவாய் நதிப் பாலப் படத்தில் மட்டும் இருந்தார்களா? 1957இல் வந்த படம், இலங்கையில் கித்துல்கலையில் படமாக்கியது; இந்தத் தமிழர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவல் எழுதவேண்டியிருந்தது. தோட்டத்தில் விடப்பட்ட பெண்கள் புருஷன் திரும்புவானா என்று தெரியாமல் மரவள்ளியை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காலம் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை.

தென்காசிக்காரர்களுக்கு அந்த ஒரு மீட்டர் அகலம் புதிதல்ல. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் அதே அகலம்தான். 2010இல் மூடி 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். பழைய மீட்டர் கேஜை நினைத்து உருகுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பதின்மூன்று கண் பாலத்தைத் தெர்மாகோலில் செய்து பார்க்கிற ஆசை இருக்கட்டும், நானும் அந்த ரயிலில் போனவள்தான். ஆனால் அதே தண்டவாளத்துண்டில் தட்டை வேகனையும் டாங்கியையும் ஏற்றிவிட்டு ‘இது வெறும் எந்திரக் காதல்’ என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். டாங்கி எங்கே போகிறது? யார் வீட்டு வாசலுக்கு?

பெண்களும்தான் இப்போது செய்கிறார்களே என்பார்கள். செய்யட்டும். நவராத்திரிக் கொலுவில் கீழ்த்தட்டுப் பூங்காவுக்குப் பக்கத்தில் பஞ்சைப் பனியாக்கிக் கார்கில் கட்டியவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். கையில் பசைக்குழாய் கிடைத்துவிட்டதாலேயே கண் மாறிவிடுவதில்லை.

வரலாற்றை மறக்காமலிருக்கத்தான் செய்கிறோம் என்பது இவர்களுடைய கடைசி வாதம். இதற்குத்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். எந்த வரலாறு? ஆப்பு எத்தனை, சங்கிலி எத்தனை வளையம் என்று தெரிந்த மனிதருக்குச் சரக்கு வேகனில் எத்தனை ஆட்களை அடைத்தார்கள் என்று தேடத் தோன்றவில்லை என்றால், அவர் நினைவில் வைத்திருப்பது இரும்பை.

பட்டினப்பாலையில் ஓரிடம் உண்டு. முற்றத்தில் உணங்கும் தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் காதுக்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது போய் விழுந்து, சிறுவர் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. பொன்னைக் கோழி மேல் எறியும் அளவுக்குச் செழித்த ஊர் என்று வகுப்பில் விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அந்தத் தேர் நின்றுபோனதுதான் கண்ணில் படுகிறது. தானியம் காக்கிறவள் எறிந்தது, தேர் நின்றது.

அடுத்த கண்காட்சிக்குச் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு பெண் 1:87 அளவில் பதினேழு மில்லிமீட்டர் இருப்பாள். இடுப்பில் ஒரு பிள்ளையையும் சேர்த்துச் செய்யலாம். உங்கள் தூரிகைக்கு அது முடியாததல்ல. உங்கள் வேகனில் அவளுக்கு எங்கே இடம் விடுவீர்கள் என்று பார்க்க நான் டிக்கெட் எடுத்து வருவேன்.