முகாம் போட்டது போதும், வரைபடத்தைக் கிராம சபையில் விரி!

தாளவாடி, சத்தி, பவானிசாகர் வட்டார விவசாயப் பெருமக்களே!

2013ல் சத்தியமங்கலம் வனம் புலிகள் காப்பகம் ஆனது. புலி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காடு இருந்தால்தான் பள்ளத்தில் தண்ணி, கிணற்றில் ஊற்று. இதை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எடுக்கிறார்கள்! சாமியானா போட்டு, புலிப்படம் போட்ட நோட்டீசும் டீயும் கொடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு போகிறார்கள். இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பாம்! ராத்திரியெல்லாம் பரணில் டின் தட்டிக்கொண்டு கிடக்கிறவனுக்கா யானையைப் பற்றி விழிப்புணர்வு?

சட்டம் என்ன சொல்கிறது? 2006ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38-வி பிரிவைப் படியுங்கள். காப்பகத்தைச் சுற்றியுள்ள பஃபர் பகுதியின் எல்லையை, சம்பந்தப்பட்ட கிராம சபையைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஊர்க் கிராம சபையில் அந்த வரைபடத்தை யாராவது விரித்தார்களா? தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்கள்.

விவசாயியை நம்பினால் காடு அழியும் என்கிறவர்கள் வேடந்தாங்கலுக்குப் போய் வரட்டும். ஏரியில் அடையும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கியது அந்த ஊர் ஜனங்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணி அவர்கள் வயலுக்கு உரம். உத்தரவு கையில் இருந்தது, லாபமும் கண்ணுக்குத் தெரிந்தது, காப்பாற்றினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்திலேயே கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை. அதுவும் புலிகள் காப்பகம்தான். அங்கே 2011லேயே சோளகர் மக்களின் சமூக வன உரிமைக்குப் பட்டா கொடுத்தார்கள்.

(நம்ம பக்கமும் தப்பு உண்டு. வேலியில் நேர் கரண்ட் விடுகிறவன் சங்கத்துக்காரனாக இருந்தாலும் சங்கம் அவனுக்காகப் பேசாது.)

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள், பெண்கள் அவசியம் வாருங்கள். மூன்று தீர்மானம்: எல்லை வரைபடத்தைத் தமிழில் சபை முன் வைக்க வேண்டும். பயிர்ச்சேத மனுவுக்கு அன்றே ரசீது தர வேண்டும். 2006 வன உரிமைச் சட்ட மனுக்களைச் சபையில் பெயர் சொல்லிப் படிக்க வேண்டும். தீர்மானம் எழுதி முடித்து, நகல் கைக்கு வருகிறவரை ஒருத்தரும் எழுந்திருக்க வேண்டாம்!