கரித்துணி காய்ந்திருக்கட்டும்!

 

வெப்பக் கடத்தல் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இரண்டு மதிப்பெண் கேள்விதான். "திடப்பொருளில் துகள்கள் இடம் பெயராமல், சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு வெப்பம் செல்வது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பாடம் நம் பள்ளியில் முதலில் உதவ வேண்டிய இடம் பரீட்சைத் தாள் இல்லை, சத்துணவுக் கூடம்தான் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். சோறு வெந்ததும் ஆயாம்மா அலுமினிய அண்டாவின் இரண்டு காதையும் பிடித்துச் சாய்த்துக் கஞ்சி வடிக்கிறார். கையில் இருப்பது தண்ணீரில் நனைத்த கரித்துணி. நம் வீடுகளிலும் அம்மா, பாட்டி எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க. "ஈரத்துணின்னா சூடு தெரியாது"ன்னு சொல்வாங்க. இதைத்தான் நான் மறுக்கிறேன்.

அண்டாவின் அடியில்தான் தீ எரிகிறது. பிறகு காது எப்படிச் சுடுகிறது? சூடான அணுக்கள் அதிர்ந்து பக்கத்து அணுக்களையும் அதிர வைக்கின்றன. உலோகத்தில் இதோடு கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்களும் உண்டு. அவைதான் வெப்பத்தை வேகமாகக் கொண்டு போகின்றன. கட்டையிலும் துணியிலும் அந்த எலக்ட்ரான்கள் இல்லை.

எந்தப் பொருள் எவ்வளவு கடத்தும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதற்கு வெப்பக் கடத்துத்திறன் என்று பெயர். செம்புக்குச் சுமார் 400, அலுமினியத்துக்கு 237, இரும்புக்கு 80, எவர்சில்வருக்கு 15. தண்ணீருக்கு 0.6. காற்றுக்கோ வெறும் 0.025தான்!

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். காய்ந்த பருத்தித் துணியில் நூலுக்கு நூல் இடையே காற்று இருக்கிறது. அந்தக் காற்றுதான் நம் கையைக் காப்பாற்றுகிறது. துணியை நனைத்தால் என்ன ஆகும்? காற்று வெளியே போய், அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அப்படியென்றால் நாமே சூட்டுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம், இல்லையா?

"ஈரத்துணி முதலில் ஜில்லென்று இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். தண்ணீர் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆனால் கஞ்சி வடிப்பது அந்தக் கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை இல்லையே! அதற்குள் துணி கொதித்து ஆவி வரும். 1 கிராம் நீராவி திரும்பத் தண்ணீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விடும். அது கையின் மேலேயே விட்டால் எப்படி இருக்கும்? சுடுகிறதென்று அண்டாவைச் சட்டென்று விடவும் முடியாது. விட்டால் கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டும்.

"காய்ந்த துணி அடுப்பில் பட்டால் தீப்பிடிக்குமே?" என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான பயம். அதனால்தான் தொங்குகிற துணியே வேண்டாம் என்கிறேன். உள்ளங்கை அளவுக்கு, நாலு பக்கமும் தைத்த பிடிதுணி போதும். முனை தொங்காது.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஃபூரியே 1822-ல் வெளியிட்ட நூலில் வெப்பக் கடத்தலுக்குக் கணக்கே எழுதி வைத்தார். அதன்படி தடிமன் இரண்டு மடங்கானால், கடந்து போகும் வெப்பம் பாதியாகும். ஆகவே ஒரு மடிப்புத் துணியைவிட நாலு மடிப்பு நல்லது.

என் யோசனை இதுதான். கைத்தொழில் வகுப்பில் நாமே பிடிதுணி தைத்துக் கொடுப்போம். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து, நடுவில் ஒரு துண்டு சணல் சாக்கு வைத்துத் தைத்தால் போதும். பாலியஸ்டர் சேலையும் பிளாஸ்டிக் சாக்கும் கூடவே கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆறு ஜோடி இருந்தால் ஒன்று நனைந்தாலும் காய்ந்த இன்னொன்று தயாராக இருக்கும். செலவு என்று பார்த்தால் ஊசியும் நூலும்தான். ஆண் பிள்ளைகளும் தைக்க வேண்டும், சொல்லிவிட்டேன்!

2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபின் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையிலும் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறது. நமக்காக அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கைகளும் கூடியிருக்கின்றன. அந்தக் கைகள் சுடாமல் இருக்க, நாம் படித்த பாடத்தில் ஒரு வரியாவது பயன்பட வேண்டாமா?

ஆசிரியர்கள் அனுமதி தந்தால் அடுத்த கைத்தொழில் வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம். வீட்டில் பழைய வேட்டி இருப்பவர்கள் துவைத்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் சொல்லுங்கள்: "அம்மா, கரித்துணியை நனைக்காதே!"



— ஒன்பதாம் வகுப்பு மாணவி