சமரசம் என்கிற கட்டப்பஞ்சாயத்து

"வுடும்மா, பெரிய மனசு பண்ணு. நாளைக்கும் இவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்."

காலனிப் பெண் மேல் ஊர்க்காரன் கை வைத்த பிறகு கூடுகிற பஞ்சாயத்துகளில் இந்த வசனம் உண்டு. ஏதோ ஒரு தொகை, காலில் விழுகிற பாவனை, முடிந்தது கதை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், பத்தாம் பிரிவில் 'சமரசம்' என்று படித்தபோது அந்த வசனம்தான் காதில் விழுந்தது.

பெண் தானே கேட்டால்தான் சமரசம், பணத்தை வைத்து முடிக்கக் கூடாது என்கிறது சட்டம். சரி. கேட்கப் போகிறவள் யார்? கூரத்திலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போகிற கான்ட்ராக்ட் பெண். 'நீயே கேட்ட மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா' என்றால் எழுதித்தான் கொடுப்பாள். சமரசம் ஆகிவிட்டால் விசாரணை கிடையாது. ஒப்புக்கொண்டதை அவன் மீறினான் என்று அவளே மறுபடி போய்ச் சொன்னால்தான் உண்டு. அதற்குள் ஷிப்ட் மாறும், கான்ட்ராக்ட் முடியும். பழிவாங்கல் என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது, 'நிர்வாகக் காரணம்' என்றிருக்கும். அவன் சாதியைச் சொல்லித் திட்டியதும் அந்த லெட்டருக்குள் அமுங்கிவிடும். 1989 வன்கொடுமைச் சட்டத்தின் பக்கமே கோப்பு போகாது.

கம்பெனிக் குழுவை நியமிப்பது முதலாளி. பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி ஜனநாயகம் என்று பெருமை பேசுகிறார்களே, 921இல் அங்கே நிலமும் மனையும் வேதப் படிப்பும் உள்ள ஆணின் பெயர்தான் குடத்துக்குள் விழுந்தது. இன்றைக்குக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், தலைவரும் பெண். நல்லதுதான். ஆனால் மாவட்டக் குழுவிலாவது எஸ்.சி., எஸ்.டி., பிற்பட்டோர், சிறுபான்மையினரில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்றிருக்கிறது. கம்பெனிக் குழுவுக்கு அந்த விதிகூட இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல் 2021 ஜனவரியில் பிணமாகக் கிடந்தார். கொலை வழக்கில் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பல மாதத் தொல்லை என்றார்கள் வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற டி.டி.சி.யு. சங்கம் அப்போது யாரையும் சமரசத்துக்குக் கெஞ்சவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிர்வாகத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. துணி வாங்கும் எச் அண்ட் எம்மும் தனியே கையெழுத்திட்டது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டுக்கும் தடை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் அதுவே குற்றம். வேலைத்தளத்தில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள். ஆலை மீறினால் ஆர்டரில் அடி விழும். அதுவும் பேசி முடித்த ஒப்பந்தம்தான். மேசைக்கு இந்தப் பக்கம் சங்கம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்க பலத்தில் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருகிற வங்கிக் குமாஸ்தா நான். அந்த பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு 'சமரசமாப் போ' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சமரசம் வேண்டும் என்று அவளே சொன்னால், அந்த அறைக்குள் அவளோடு யார் போவது? கூரத்து மாணவத் தோழர்கள் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய், மாவட்டக் குழுவில் இருக்கிறவர்கள் பெயரை முதலில் எழுதி வாங்கி வரட்டும்.