பழைய புத்தகம் செல்லும்

2024 விதிகள் வந்துவிட்டன, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் 2014 புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடுங்கள் என்கிறார் நண்பர். சுத்தத் தவறு. இருபது முகப் பகடை, கவச எண், உயிர்ப்புள்ளி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பழைய சாகசங்களைத்தான் வாலாஜாபாத்தில் நாங்கள் புதிய விதியில் ஆடுகிறோம்.

உரசல் பாத்திரம் உருவாக்கும்போதுதான். முன்பு இனம் தந்த திறன் கூட்டலை இப்போது பின்னணி தருகிறது. முதல் நிலையிலேயே துணைவகுப்பு பெற்ற கிளெரிக் என்ற வகுப்புக்கு அது இனி மூன்றாம் நிலையில்தான். இதற்கும் புதிய புத்தகமே வழி சொல்கிறது: பழைய துணைவகுப்பின் ஆரம்ப ஆற்றல்களை மூன்றாம் நிலையில் கொடுங்கள், பழைய இனத்தின் கூட்டலை விட்டுவிடுங்கள். முடிந்தது.

பழைய புத்தகங்களோடான உறவை உண்மையிலேயே அறுத்தது 2008இல் வந்த நான்காம் பதிப்பு. அதையும் இந்த 2024 விதிகளையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வரும் பையனை மறுபடி மூன்று புத்தகம் வாங்கச் சொல்வது அநியாயம். தேவையென்றால் புதிய அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.