மரணசாசனம் எழுதும் காலம் எது?



முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்களை நம் வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். இவை யாழ்ப்பாணத்துத் தேசவழமை வகுத்த சொத்து வகைகள். 1707ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், அவ்வழமை எழுத்தில் தொகுக்கப்பெற்றது. ஒருவர் ஏதும் எழுதாது கண்மூடினும், எது எவரைச் சேரும் என்பதை வழமையே உரைத்தது. பிள்ளைகளை ஏற்கச் சுற்றமும் அயலிலேயே இருந்தது. ஆதலின், மரணசாசனம் என்பது முதுமையில் எண்ணும் காரியம் என்றே நாம் பழகிவிட்டோம்.

போர் துரத்த இங்கிலாந்துக்கு வந்த நாம், அவ்வெண்ணத்தையும் உடன் கொண்டுவந்தோம். இந்நாட்டுச் சட்டமோ வேறு வகையில் நோக்குகின்றது. தாயும் தந்தையும் ஒருங்கே மறைந்தால், மாமன் என்றோ சித்தி என்றோ உறவு சொல்லி ஒருவர் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட இயலாது. பெற்றோர் எவரையும் நியமித்திராவிடின், பிள்ளையை வளர்ப்பவர் யார் என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். ஆனால், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி, பெற்றோர் தாமே பாதுகாவலரை எழுத்தில் நியமித்து, திகதியிட்டு ஒப்பமிடலாம். மரணசாசனத்திலும் அதனைச் சேர்க்கலாம்.

மற்றுமொன்று. இந்நாட்டில் தாலி கட்டி, ஊரறிய விருந்திட்டு, விவாகத்தைப் பதிவு செய்யாது வாழ்வோர் நம்மிடையே உளர். மரணசாசனம் இல்லாதவிடத்து, அத்தகைய துணைக்குச் சட்டம் தானாக எப்பங்கும் வழங்குவதில்லை. வழக்குத் தொடுத்தே கோர வேண்டும். பதிவு செய்த துணைக்கும் முழுச் சொத்தும் சேரும் என்பதில்லை. பிள்ளைகள் இருப்பின், 2023 ஜூலை 26 முதல் உள்ள விதிப்படி, இறந்தவரின் உடைமைப் பொருள்களும் முதல் 3,22,000 பவுணும் எஞ்சியதிற் பாதியுமே துணைக்கு உரியன. மறுபாதி பிள்ளைகளுக்குரியது.

"வீடோ கடனில், எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்பர் சிலர். பிள்ளை இருக்கின்றதே! "சாவைப் பேசுவது அபசகுனம்" என்பர் வேறு சிலர். எதிர்பாராத சாவை நம்மைப்போல் அறிந்தவர் யார்? காணி உறுதிகளையும் இழந்து வந்த நாம் எழுத்தின் அருமையை அறியாதவரா?

ஆகவே, முதற்பிள்ளை பிறந்த ஆண்டே மரணசாசனம் எழுதத் தக்க காலம் என்பது நமது துணிபு. மணவாழ்வு மாறும்போதும், அடுத்த பிள்ளை பிறக்கும்போதும் சட்டத்தரணியிடம் காட்டி அதனைப் புதுப்பித்தல் வேண்டும். சாட்சியர் இருவர் ஒருங்கே இருக்க ஒப்பமிடுக. சொத்துப் பெறுபவரோ அவர்தம் கணவன் மனைவியரோ சாட்சியிடலாகாது. இட்டால் அப்பெறுபவர் தம் பங்கை இழப்பர். பாதுகாவலராக எண்ணியவரிடம் முன்னரே சம்மதம் கேளுங்கள். ஊரிலுள்ள காணியின் விபரத்தையும் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதி வையுங்கள்.

மாணவர்களே, அவ்வெழுத்தை வாசிக்கவும் நீங்கள் தமிழ் கற்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவோம்.